நாவலந்தீவின் ஓரம்

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் ஒரு தவப்பள்ளி இருந்தது. அங்கே ஆசிரியரைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

ஆசிரியர் உத்தரை அடிகள், நாற்பதைத் தாண்டாத பெண் துறவி. சீடர் திரையன், ஆயுள் முழுவதும் மரக்கலம் ஓட்டிய மீகாமன். சுக்கான் பிடித்த கை நடுங்கத் தொடங்கியதும் அவர் கப்பலை விட்டு இறங்கினார். நேரே தவப்பள்ளிக்கு வந்து தலையை மழித்துக்கொண்டார்.

அவர் ஆசிரியரை "அடிகளே" என்று கூப்பிட்டார். ஆசிரியர் அவரைப் "பெரியவரே" என்று கூப்பிட்டார். இதில் யாருக்கு யார் சீடர் என்று பட்டினத்தார் கேலி செய்வது உண்டு. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

விளக்கேற்றும் வேளையில் தவப்பள்ளியில் ஒரு வாக்கியம் சொல்வது வழக்கம். ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வேறு வழிபாடு எதுவும் இல்லை.

"நாவலந்தீவில் வாழும் உயிரெல்லாம் நலமாய் இருக்கட்டும்."

மீன் விற்பவர்களும் உப்பு விற்பவர்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைக் கேட்டுப் போவார்கள். நோய்ப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அடிகள் அந்த வாக்கியத்தைச் சொல்லும் பொறுப்பைத் திரையனிடம் கொடுத்திருந்தார். காற்றையும் பாயையும் மீறிக் கத்திப் பழகிய குரல் அது. கடைசி ஆளுக்கும் கேட்டது.

ஒரு மாலை, திரையன் "நாவலந்தீவில்" என்று தொடங்கி, அப்படியே நின்றுவிட்டார்.

கூட்டம் காத்திருந்தது.

"மறந்துட்டார்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "வாழும் உயிரெல்லாம்னு எடுத்துக் கொடுங்க."

சிலர் சிரித்தார்கள். திரையன் மீதியை முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார்.

கூட்டம் கலைந்தபின் அடிகள் அவரைத் தேடிப் போனார். திரையன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

"உடம்பு சரியில்லையா, பெரியவரே?"

"உடம்புக்கு ஒன்றும் இல்லை. அடிகளே, நாவலந்தீவு எங்கே முடிகிறது?"

"எதற்குக் கேட்கிறீர்கள்?"

"இன்று நண்பகல் சாவகத்திலிருந்து ஒரு கப்பல் வந்தது."

திரையனுக்கு ஒரே மகள். பெயர் பூதி. சாவகத்தில் கடை வைத்திருந்த வணிகன் ஒருவனுக்கு அவளைக் கொடுத்திருந்தார். அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பலை ஓட்டியவரும் அவர்தான். அதுதான் அவருடைய கடைசிப் பயணம்.

"பூதி ஒரு மாலுமியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள்" என்றார். "உண்டாகியிருக்கிறாளாம். கப்பல் புறப்படும்போது மசக்கையாம். காற்று ஒத்துழைக்காமல் கப்பல் வந்து சேர இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இப்போது நாள் நெருங்கியிருக்கும்."

"நல்ல செய்தி."

"அவள் அம்மா அவளைப் பெற்ற அன்றுதான் போனாள்."

அடிகள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தார்.

"'எனக்குப் பயமாய் இருக்கிறது அப்பா. பள்ளியில் சாயங்காலம் சொல்வார்களே, அங்கே போய் எனக்காகவும் நில்லுங்கள்' என்றாளாம். சின்ன வயதில் இங்கே தினமும் வந்தவள். இப்போது அதைச் சொல்பவனே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது."

"அப்படியானால் சொல்லுங்கள்."

"எப்படிச் சொல்வது? வாக்கியம் நாவலந்தீவு என்றுதானே இருக்கிறது? சாவகம் நாவலந்தீவில் இல்லையே!"

"இல்லையா?"

"இல்லை, அடிகளே. இது எனக்கு நன்றாகத் தெரியும். துறைமுகச் சுங்கத்தில் சரக்கு இரண்டே வகை. நாவலந்தீவுச் சரக்கு, புறத்தீவுச் சரக்கு. இரண்டுக்கும் சுங்கம் வேறு. மூட்டை மூட்டையாகப் பிரித்துச் சொன்னவன் நான். ஒரு மூட்டைகூட மாறியதில்லை."

"சரி."

"பூதி கப்பல் ஏறிய அன்று அங்கே நின்று வேடிக்கை பார்த்தாள். 'அப்பா, நான் எந்தச் சரக்கு?' என்று கேட்டாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"'இந்தக் கரையில் நிற்கும்வரை நாவலந்தீவு. அந்தக் கரையில் இறங்கிவிட்டால் புறத்தீவு' என்றேன்."

"அதற்கு அவள்?"

"சிரித்தாள். 'அப்படியானால் மெதுவாகவே ஓட்டுங்கள்' என்றாள்."

கிணற்று நீரில் ஏதோ விழுந்து ஓசை கேட்டது. இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு அடிகள் கேட்டார்.

"நாவலந்தீவு என்றால் என்ன பொருள், பெரியவரே?"

"நாவல் மரம் நிற்கும் நிலம்."

"அந்த மரம் எங்கே நிற்கிறது?"

"வடக்கே, மேருமலைக்குப் பக்கத்தில் என்கிறார்கள். ஒவ்வொரு பழமும் யானை அளவாம். விழுந்து உடைந்த பழத்தின் சாறு ஆறாக ஓடுமாம்."

"அடியில் படுத்துத் தூங்கியவர்கள் பாடு கஷ்டம்தான்."

திரையனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அந்த மரத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை, அடிகளே. நான் பார்த்ததெல்லாம் கோலிக்குண்டு அளவுப் பழம்தான். சாவகத் துறைமுகத்திலும் ஒரு நாவல் மரம் உண்டு. இறங்கியதும் பூதி அதன் பழத்தைத்தான் பொறுக்கித் தின்றாள். நாக்கை நீட்டிக் காட்டினாள். நீலமாய் இருந்தது."

"நாவல் மரம் நிற்கும் நிலம் என்றீர்களே?"

"மரம் இருந்தால் போதுமா? அங்கே நெல்லும் விளைகிறது. காக்கையும் இருக்கிறது. அதற்காக அது நம் நாடாகிவிடுமா? ஒரு பெயர் என்றால் அதற்கு ஓர் ஓரம் வேண்டும்."

"நம் அரசர் நாவலந்தீவு முழுவதையும் ஆள்பவர் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்களே, அந்த ஓரமா?"

"ஓடைக்கு அந்தப் பக்கத்து அரசரும் தம் கல்லில் அப்படித்தான் வெட்டியிருக்கிறார்."

"அப்படியானால் நாவலந்தீவு இரண்டு இருக்கும் போலிருக்கிறது" என்றார் அடிகள்.

திரையன் சிரிக்கவில்லை. "சாவகம் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"சேர்த்துப் பாருங்கள்" என்றார் அடிகள்.

மறுநாள் மாலை திரையன் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"நாவலந்தீவிலும் சாவகத்திலும் வாழும் உயிரெல்லாம் நலமாய் இருக்கட்டும்."

கூட்டம் திருப்பிச் சொன்னது. சொல்லி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"சாவகம் மட்டும்தானா? எங்க வீட்டுக்காரர் கடாரத்துல இருக்காரு."

நியாயம்தான் என்று திரையனுக்குத் தோன்றியது. அடுத்த மாலை கடாரத்தையும் சேர்த்தார். அதற்கடுத்த மாலை ஈழம் சேர்ந்தது. சங்கு வணிகர் ஒருவர் சீனத்தைக் கேட்டார். குதிரை விற்க வந்த அயல்நாட்டான் ஒருவன், தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோரும் சேர்ந்து பழகினார்கள்.

நக்கவாரத் தீவுகளைச் சேர்க்கலாமா என்று ஒரு சண்டை வந்தது.

"அங்கே யார் இருக்காங்க? தென்னை மரந்தான் இருக்கு" என்றார் ஒருவர்.

"எம் மச்சான் இருக்கான்" என்றார் இன்னொருவர். "கப்பல் உடைஞ்சு அங்கதான் ஒதுங்கினான்."

"அவனுக்கா நலம் வேண்டுறே? உங்கிட்ட கடன் வாங்கிட்டுத்தானே போனான்?"

"அதனாலதான் சொல்றேன், உயிரோட இருக்கட்டும்னு."

நக்கவாரமும் சேர்ந்தது. திரையன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஊர்ப் பெயர்களைக் கப்பல் போகும் வழிக்கு ஏற்ப வரிசைப்படுத்தினார். ஒரு துறை முன்பின்னாக வந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்கினார். வாக்கியத்தின் முதல் பாதி முடிவதற்குள் விளக்கில் எண்ணெய் வற்றியது. குழந்தைகள் மடியில் தூங்கிவிழுந்தன. கூடையில் மீன் நாறியது.

"இது வேண்டுதலா, இல்லை சுங்கச்சாவடியில கூவுறதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த மாலை பாதிப் பேர் வரவில்லை.

திரையன் அடிகளிடம் வந்து உட்கார்ந்தார்.

"வரிசை முடியவில்லை, அடிகளே."

"பார்த்தேன்."

"நான் போகாத துறைகள் இருக்கின்றன. பெயரே தெரியாத ஊர்கள் இருக்கின்றன. அங்கேயும் யாருடைய மகளோ இருப்பாள். என் மகள் ஊரைச் சொல்லிவிட்டு அவள் ஊரை எப்படி விடுவது?"

"விடமுடியாது."

"பழையபடி நாவலந்தீவு என்று மட்டும் சொன்னால் பூதி வெளியே நிற்கிறாள். அவள் பெயரை மனத்துக்குள் நினைத்துக்கொண்டு சொன்னால் வாய் ஒன்று சொல்கிறது, மனம் ஒன்று சொல்கிறது. அது பொய். ஓரம் தெரியாமல் இனி அந்தப் பெயரை என்னால் சொல்லமுடியாது."

அன்று மாலை அவர் விளக்கை ஏற்றினார். வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

அடிகள் தாமே சொல்லியிருக்கலாம். ஆனால் கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கும் வழக்கம் அவரிடம் இல்லை. விளக்குக்கு அந்தப் பக்கம் அவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாலையும் அப்படியே போனது. கூட்டம் எழுந்தபோது கொற்றி மட்டும் எழவில்லை. கொற்றி மீன் விற்பவள். அவளுடைய கைக்குழந்தைக்கு மூச்சு இரைப்பு இருந்தது. மருத்துவர் கொடுத்த சூரணத்தைத் தேனில் குழைத்து ஊட்டிவிட்டு, தினமும் விளக்கு வேளைக்குத் தூக்கிக்கொண்டு வருவாள்.

"என்னய்யா இது?" என்றாள். "நேத்தும் சொல்லல. இன்னிக்கும் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. எம் புள்ளை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"உன் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம், கொற்றி? நாவலந்தீவின் எல்லை எதுவென்று தெரியவில்லை. தெரியாமல் சொன்னால் பொய்யாகிவிடும்."

"எல்லையா? நான் என்ன வயலா கேட்டேன், வரப்பு போட்டுக் குடுக்க?"

"உனக்கு விளங்காது, அம்மா."

"விளங்க வேணாம். எங்கிட்ட ஒருத்தர் வந்து ஒரு மீன் கேட்டா, கடல் எவ்வளவு பெரிசுன்னு அளந்துட்டு வந்துதான் தருவேன்னா சொல்றேன்? நீங்க சொல்லிக்கிட்டிருந்தப்ப ராத்திரியில எனக்குக் கொஞ்சம் தைரியமா இருந்துச்சு. அது போதும் எனக்கு."

குழந்தையின் மூச்சு கீச்சுகீச்சென்று கேட்டது. திரையன் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் சொல்லவில்லை. கொற்றி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அப்போது அடிகள் கேட்டார்.

"பெரியவரே, ஓரம் என்று ஒன்று இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா?"

"இருக்கவேண்டும்."

"நீங்கள் மீகாமன். எனக்கு அதைக் காட்டுங்கள். நானும் பார்த்ததில்லை."

மறுநாள் விடியுமுன் இருவரும் கடற்கரைக்கு வந்தார்கள். கொற்றியின் கணவன் சேந்தன் தன் தோணியைத் தள்ளிக்கொண்டிருந்தான். திரையன் ஆழம் பார்க்கும் கயிற்றைக் கையில் வைத்திருந்தார். நுனியில் ஈயக்குண்டு. குண்டின் அடியில் ஒரு குழி. அந்தக் குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கடலடியில் இருக்கும் மண் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மண்ணைப் பார்த்துத்தான் மீகாமன் இருட்டிலும் தான் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்வான்.

"ஓரம் இங்கேயே இருக்கிறது, அடிகளே" என்றார் திரையன், அலை நனைத்த மணலைக் காட்டி. "தண்ணீர் தொடும் இடம்."

அலை ஒன்று வந்து இருவர் முழங்காலையும் நனைத்துவிட்டுப் போனது.

"இந்த அலைக்கு முன்னாலா, பின்னாலா?"

திரையன் யோசித்தார். "இது சரிப்படாது. அலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்."

தோணியில் ஏறினார்கள். கரைக்காற்று பாயில் விழுந்ததும் தோணி விரைந்தது. அடிகள் அதற்குமுன் கடலில் போனதில்லை. சற்று நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார்.

திரையன் எழுந்தார். துறவியைத் தொடக்கூடாது. தம் மேலாடையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவரிடம் நீட்டினார். அடிகள் அதைப் பற்றிக்கொண்டார்.

"அலையைப் பார்க்காதீர்கள். தூரத்தைப் பாருங்கள். அப்படித்தான். மூச்சை மெதுவாக விடுங்கள். சரியாகிவிடும்."

"இதை யாரிடமாவது முன்பு சொல்லியிருக்கிறீர்களா?"

"சாவகம் போய்ச் சேரும்வரை ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டே போனேன்" என்றார் திரையன்.



கரை ஒரு கோடாகத் தெரிந்தபோது திரையன் கயிற்றை இறக்கினார். குண்டு தரையைத் தட்டியது. இழுத்து எடுத்து, ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்தார்.

"மணல். கிளிஞ்சல் தூள் இருக்கிறது. நம் கரை மணல்தான்."

"இது நாவலந்தீவா?"

"மேலே தண்ணீர் நிற்கிறது. ஆனால் தரை நம்முடையது." சற்றுத் தயங்கினார். "நாவலந்தீவுதான்."

"குளத்துல தண்ணி நின்னாலும் அடியில நம்ம ஊர்தானே சாமி!" என்றான் சேந்தன் பின்னாலிருந்து.

இன்னும் போனார்கள். கரை மறைந்தது. துறைமுகக் கலங்கரை விளக்குமாடத்தின் உச்சி மட்டும் புள்ளியாக நின்றது. திரையன் மறுபடி கயிற்றை இறக்கினார். இந்தமுறை கருஞ்சேறு ஒட்டி வந்தது. முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நம் ஆற்று வண்டல்" என்றார். அவர் முகத்தில் வியப்பு இருந்தது. "வெள்ளத்தில் வந்தது. இவ்வளவு தூரம் வந்து படிந்திருக்கிறது."

"இது?"

"ஆறு நாவலந்தீவில் ஓடுகிறது. அதன் மண் நாவலந்தீவு மண்தான். வேறு எப்படிச் சொல்வது?"

"அப்ப நான் இத்தனை நாளும் கடலுக்கே போகலையா?" என்றான் சேந்தன். "எங்க வீட்டுல சொல்லிடாதீங்க சாமி. 'உள்ளூர்லயே சுத்திக்கிட்டுத்தான் பெரிசா அலுத்துக்கிட்டு வந்தியா'ன்னு கேப்பா."

விளக்குமாடமும் மறைந்தது. சுற்றிலும் தண்ணீர். நீரின் நிறம் கருநீலமாகியிருந்தது. திரையன் கயிற்றை இறக்கினார். இறங்கியது. முடிச்சுமுடிச்சாக அவர் கைவழியே போனது. கடைசி முடிச்சும் போனது. குண்டு எதையும் தட்டவில்லை.

"இங்கேதான்" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "இங்கேதான் முடிகிறது, அடிகளே. ஓரம் இதுதான்."

"நங்கூரக் கயிறு ஒண்ணு இருக்குது" என்றான் சேந்தன். "கட்டிப் பாக்குறீங்களா?"

திரையன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அளவில் குறை வைக்காதவர். நங்கூரக் கயிற்றை வாங்கி முடிந்தார். மறுபடி இறக்கினார்.

குண்டு தரையைத் தட்டியது.

இழுத்து எடுத்தார். குழியில் கருஞ்சேறு. முகர்ந்து பார்த்தார். அடிகளிடம் நீட்டினார்.

"எனக்கு மண் பார்க்கத் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்."

"அதே வண்டல்" என்றார் திரையன்.

"அப்படியானால் இன்னும் போகலாம்."

மறுபடியும் போனார்கள். நங்கூரக் கயிறும் எட்டவில்லை. சேந்தன் தன் தூண்டில் கயிறுகளை எல்லாம் அவிழ்த்துக் கொடுத்தான். திரையன் ஒவ்வொன்றாக முடிந்தார். அவர் கை நடுங்கியதால் முடிச்சுகள் எளிதில் விழவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. குண்டு தரையைத் தட்டியபோது அவர் உடம்பே ஒருமுறை அதிர்ந்தது. சேறு வந்தது. மேலே ஏறிய சேற்றை அவர் கழுவவில்லை. விரலிலேயே வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போ, சேந்தா" என்றார் அவரே.

வெயில் உச்சியிலிருந்து சாய்ந்துவிட்டது. தோணி போனது. திரையன் குண்டை இறக்கினார். கட்டிய கயிறுகள் எல்லாம் இறங்கின. கடைசி நுனி அவர் விரலில் சுற்றியிருந்தது. விளிம்பில் மார்பு பதியக் குனிந்து, கையைத் தோள்வரை தண்ணீருக்குள் விட்டார்.

குண்டு எதையும் தொடவில்லை.

"வேறு கயிறு இருக்கிறதா?"

"பாய்க் கயிறுதான் இருக்கு, சாமி. அதை அவுத்தா நாம வீடு போகமுடியாது."

திரையன் அப்படியே குனிந்திருந்தார். கடல் அவர் முகத்துக்கு வெகு அருகில் ஏறி இறங்கியது.

"தீர்ந்துவிட்டது, அடிகளே" என்றார்.

"எது?"

"கயிறு."

சொல்லிவிட்டு அவர் நிமிரவில்லை. சேந்தன் எதையோ சொல்ல வாயெடுத்து, அவர் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டுப் பாயைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்துத் திரையன் கயிற்றை இழுத்துச் சுருட்டினார். சேந்தனுடைய தூண்டில் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, முன்பு இருந்தபடியே சுற்றி அவனிடம் கொடுத்தார்.

கடற்காற்று எழுந்தது. தோணி கரையை நோக்கித் திரும்பியது.

அவர்கள் இன்னும் நடுவழியில் இருக்கும்போதே சூரியன் இறங்கியது. தவப்பள்ளியில் அது விளக்கேற்றும் வேளை. தோணியில் விளக்கு இல்லை. அடிகள் கைகளைக் குவித்து உட்கார்ந்தார். சேந்தன் சுக்கானை முழங்காலில் அணைத்துக்கொண்டு அவனும் கை குவித்தான்.

"சாமி" என்றான் தயங்கி. "எம் புள்ளைக்குச் சொல்லுங்களேன்."

திரையன் தோணியின் நடுவில் எழுந்து நின்றார். கரை மேற்கே இருந்தது. அவர் கிழக்கே திரும்பி நின்றார்.

"நாவலந்தீவில்" என்றார்.

நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"நாவலந்தீவில் வாழும் உயிரெல்லாம் நலமாய் இருக்கட்டும்."

அது கப்பலில் கத்திப் பழகிய குரல். தண்ணீரின்மேல் எந்தத் தடையும் இல்லாமல் போனது. மற்ற இருவரும் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு குரல் ஒரு கூட்டத்துக்குப் போதவில்லை. ஆனாலும் சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திரையன் உட்கார்ந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. அடிகளின் முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் அவரால் கேட்க முடிந்தது போலும்.

"அடிகளே, காற்று திரும்பி அங்கேயிருந்து அடுத்த கப்பல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நல்லபடியாகவோ, இல்லை வேறு விதமாகவோ. இன்று நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேருமா?"

தோணியின் அடியில் தண்ணீர் உரசிக்கொண்டு போகும் ஓசை கேட்டது.

"எனக்குத் தெரியாது, பெரியவரே" என்றார். "நாளைக்கும் சொல்லுங்கள்."